அக்கா நிமிர்ந்து நிற்க ஒரு வண்டி

அந்த வருஷங்களில் நான் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழுக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஒரே செய்திதான். பொதுக்கூட்டம், ஊர்வலம், தடையுத்தரவு, கைது, மறுநாள் கடையடைப்பு. தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம். கூடாது என்று இன்னொரு பக்கம். நாங்கள் இருந்த ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. செய்தியின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: "கடைகள் மூடப்பட்டிருந்தன. பஸ்கள் ஓடவில்லை." எழுதியதைக் கவரில் போட்டுப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஆபீஸ் போய்ச் சேரும். பஸ் ஓடாத நாளில், பஸ் ஓடவில்லை என்ற செய்தியை நானே சைக்கிளில் கொண்டுபோனேன்.

என் அக்காவுக்கு அப்போது வீடு நிலைக்கவில்லை. அத்தான் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். யுத்த காலத்தில் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். வண்டி ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியும், சத்தம் போட்டுப் பேச மட்டும் தெரியாது. பிள்ளைகள் இல்லை. முதலில் அமரவிளையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் மலையாளி, நல்ல மனிதர். தமிழ் பேசுகிறவனுக்கு ஏன் வீடு கொடுத்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீடு பாறசாலைக்குப் பக்கம், எங்கள் ஆட்களின் ஊர். அங்கே வீட்டுக்காரர் ஊர்வலத்தில் முன்னால் போகிறவர். போலீஸ் குவார்ட்டர்ஸுக்குக் காக்கிச் சட்டை தைக்கும் கடையில் அத்தான் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். அது போதுமாக இருந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரர் காரணமே சொல்லவில்லை. திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

மூன்றாவது தடவை சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றும்போது நான் போயிருந்தேன். அக்கா தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து வடித்துக்கொண்டே சொன்னாள்.

"எலே, எனக்கு இனி வீடு வேண்டாம்."

"வேற எங்க இருப்பே?"

"ஒருத்தன் வந்து இறங்குன்னு சொல்லப்பிடாது. அப்படி ஒரு எடம் வேணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அத்தான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டுவிட்டு, "வண்டியில இருந்தா?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். அவர் தொழிலைப் பார்த்தால் அது விளையாட்டு இல்லை. தையல்காரர்கள் மெஷினைக் கடையைவிட்டு வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். மெக்கானிக்தான் ஊர் ஊராகப் போய், வேலை முடியும்வரை அந்தக் கடையிலேயே கிடக்க வேண்டும். கோட்டுகாலில் இரண்டு மூன்று நாள், ஒற்றசேகரமங்கலத்தில் அதற்கும் மேல். மாதத்தில் பாதி அத்தான் துணிக்கட்டுகளுக்கு நடுவே படுத்தார். அக்கா அடுத்தவன் வீட்டில், எப்போது பூட்டு வரும் என்று பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். கூடவே வரும் ஒரு வீடு இரண்டு பேருக்கும் தேவையாகத்தான் இருந்தது.

வண்டி பார்க்கப் போனோம், மூன்று பேரும். சாமான்கள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்தன.

முதலில் வெள்ளறடையில் ஒரு கூண்டு வண்டி. நல்ல வேலைப்பாடு, புதிய அச்சு, காளைகளும் உண்டு. அக்கா குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே வெளியே வந்தாள். நிற்க இடமில்லை. காளைகளைப் பார்த்தாள்.

"இது அதுகளுக்க வீடாக்கும். நாம பின்னால தொங்கிக்கிட்டு கிடக்கணும். வைக்கோலும் பருத்திக்கொட்டையும் போக மிச்சம் இருந்தா நமக்குச் சோறு."

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். விற்கிற எண்ணம் அவருக்கும் அவ்வளவாக இல்லை போலிருந்தது.

இரண்டாவது, மார்த்தாண்டத்தில் ஒரு மரக்கடைக்காரர் யுத்தம் முடிந்ததும் பட்டாள ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த ஆம்புலன்ஸ். அத்தான் எஞ்சின் மூடியைத் திறந்தவர் நெடுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. உள்ளே இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் வைக்கும் இரும்புத் தட்டுகள். விரித்தால் கட்டில், மடித்தால் சுவர். பின்கதவு இரட்டைக் கதவு. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் செஞ்சிலுவை மங்கலாகத் தெரிந்தது. இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது என்று அத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா தட்டின் மேல் கையை வைத்தாள்.

"இதில கிடந்தவன் எல்லாம் எழும்பிப் போயிருப்பானா?"

மரக்கடைக்காரர், "கழுவித்தானே போட்டிருக்கு அம்மா" என்றார்.

"அப்பம் எழும்பிப் போகல்ல."

அத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யுத்தத்தில் வேறு எங்கோ ஓடிய வண்டி, எஞ்சின் புதிது மாதிரி இருக்கிறது என்றார். அக்கா உள்ளே ஏறி நின்றாள். அவள் உயரமானவள். கழுத்தை வளைத்துத்தான் நிற்க முடிந்தது. "நான் ஆயுசு முழுக்க இப்படி நிக்கணுமா? வீட்டுக்காரன் முன்னாடி நின்ன மாதிரி?" என்றாள். அத்தான் எஞ்சின் மூடியைச் சாத்தினார்.

மூன்றாவதுதான் பஸ். நெய்யாற்றின்கரையில் ஒரு நெல் மில்லுக்குப் பின்னால் நின்றது. பெரிய ரோட்டை சர்க்கார் பஸ் எடுத்துக்கொண்ட பிறகு சின்ன ரூட்டில் ஓடி, அதுவும் போய், ஓய்ந்து நின்ற வண்டி. மரத்தாலான பாடி. ஜன்னலுக்குச் சுருட்டிக் கட்டிய கான்வாஸ். யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடியதன் அடையாளமாகப் பின்பக்கம் கருகிப் போன ஒரு வட்டம். பழைய முதலாளி ரொம்ப நேர்மையாகப் பேசினார்.

"வண்டி ஓடும். ஓட்டுறவனுக்கு வேற சோலி ஒண்ணும் இல்லெங்கில் ஓடும்."

"டயரு?"

"டயரு டயரு மாதிரி உண்டு. டியூபைப் பற்றி நான் பறையல்ல."

அக்கா ஏறினாள். சீட்டுகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டையை அவிழ்த்தாள், உதறினாள், மறுபடி முடிந்தாள். கூரை இடிக்கவில்லை.

"இது போதும்."

அப்படித்தான் பஸ் எங்களுக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் பஸ்கள் ஓடவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அத்தான் பஸ் ஓடாத நாட்களில் எத்தனையோ தடவை வழியில் மாட்டிக்கொண்டவர். அக்கா எல்லாம் கேள்விப்பட்டவள். கடையடைப்பு என்றால் முதலில் நிறுத்தப்படுவது பஸ், முதல் கல் விழுவதும் பஸ் மேலேதான். இரண்டு கட்சிக்காரர்களும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அதில் மட்டும் ஒன்றுபோல நடந்துகொண்டார்கள். மாட்டுவண்டியை யாரும் நிறுத்துவதில்லை. ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். கூரை உயரம் தெரிந்த எங்களுக்கு இது தோன்றவில்லை. அடிக்கடி பெய்கிற மழையை யார் தனியாக நினைத்துப் பார்க்கிறார்கள்? எங்களுக்குக் கடையடைப்பு அப்படி ஆகியிருந்தது.

சீட்டுகளைக் கழற்றினோம். கடைசி நீளச் சீட்டு கட்டிலாயிற்று. பெண்கள் சீட்டு இருந்த இடம் அடுப்படி. தகரத்தில் மணலைக் கொட்டி அதன் மேல் ஸ்டவ். குடம் உருளாமல் இருக்க மரவளையம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அத்தானின் மேஜை, போல்ட் போட்டு இறுக்கியது. கண்டக்டர் மணியின் கயிற்றை அக்கா கழற்றவிடவில்லை. ஒரு தடவை இழுத்தால் அத்தான் நிறுத்த வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் போகலாம்.

புது வீட்டுக்குக் குடிபோனால் எங்கள் சபையில் பிரதிஷ்டை ஜெபம் உண்டு. அக்கா அதைச் செய்யாமல் ஏற மாட்டேன் என்றாள். உபதேசியார் வந்து ரோட்டோரத்தில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தையல்காரர்கள், சபைக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வீட்டின் அஸ்திவாரத்தை..." என்று தொடங்கினார், நிறுத்தினார், கண்ணைத் திறந்து சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டு, அஸ்திவாரத்தை விட்டுவிட்டுக் கூரைக்காக ஜெபித்தார். எல்லோரும் பழம் தின்று சாயா குடித்துப் போனார்கள்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் தொல்லை தெரிந்தது. பஸ் என்று நினைத்து ஒவ்வொரு ஜங்ஷனிலும் கை காட்டினார்கள். அத்தான் கையைக் கண்டால் நிறுத்துகிறவர். ஒரு நாள் உதியன்குளங்கரையில் ஒரு கிழவி கோழிக்கூடையோடு ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து, "களியக்காவிளைக்கு ஒண்ணு" என்று காசை நீட்டினாள்.

"இது பஸ் இல்ல பாட்டி" என்றாள் அக்கா.

"பின்ன என்னத்துக்கு மணி வச்சிருக்கிய?"

கிழவியைக் களியக்காவிளையில் இறக்கிவிட்டு வந்தார்கள். கோழி கட்டிலுக்கு அடியில் அசிங்கம் பண்ணியிருந்தது.

'இது பஸ் அல்ல' என்று வண்டியில் எழுதிவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தான் பெயின்ட் டப்பாவை வாங்கிவிட்டு, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தமிழில் மட்டும் எழுதினால் அமரவிளைப் பாலம் தாண்ட முடியாது. மலையாளத்தில் மட்டும் எழுதினால் பாறசாலையில் கேட்பார்கள். இரண்டிலும் எழுதினால் எது மேலே? அத்தான் ஒரு பக்கம் அது மேலே, மறுபக்கம் இது மேலே என்றார். எந்தப் பக்கத்தில் நிற்கிறவன் எந்தக் கட்சி என்று முன்கூட்டித் தெரியுமா என்று அக்கா கேட்டாள். அந்தப் பெயின்டில் அடுப்படித் தகரத்தை அடித்தார்கள். வண்டியில் ஒரு எழுத்தும் இல்லை.

ஆனாலும் அந்த மாதங்களில் அக்கா தூங்கினாள். எனக்கு அது தெரியும். முகத்தில் தெரிந்தது.

பிறகு ஒரு கடையடைப்பு வந்தது, எங்கள் பக்கத்தார் அறிவித்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அறிவித்தார்கள். அத்தான் அப்போது ஒற்றசேகரமங்கலத்தில். பத்திரிகை அங்கே மறுநாள் மத்தியானம்தான் போகும். ஆகவே காலையில் வழக்கம்போலக் கிளம்பிவிட்டார். நான் பாறசாலைக்கு மேற்கே, ரோட்டில் கூடி நின்ற கூட்டத்துக்கு ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து வைத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பஸ் வருகிறது என்று கத்தினார்கள். எந்தப் பஸ் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஓடக்கூடிய பஸ் ஒன்றுதான்.

கூட்டம் ரோட்டை மறித்தது. ஒருவர் கையில் கல் இருந்தது. அத்தான் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இறங்கணும்! ஆளை இறக்கு!"

உள்ளே ஒரே ஒரு ஆள். கான்வாஸ் விலகியது. அக்கா கையில் அகப்பையோடு வந்து படியில் நின்றாள். மீன்கறி வாசனை வெளியே வந்தது. முன்னால் நின்றவர் பாறசாலைத் தையல்கடைக்காரர். அத்தான் அவருடைய மெஷினை அந்த மாதம்தான் சரிசெய்து கொடுத்திருந்தார். அக்காவைக் கண்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, இன்னைக்கு ஒரு பஸ்ஸும் ஓடப்பிடாது. இறங்குங்க."

"பஸ் இல்ல. வீடாக்கும்."

"வீடு ஓடுமா அக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு.

"நேத்து வரைக்கும் ஓடிச்சு. இன்னைக்கு ஓடப்பிடாதுன்னு சொல்லுதிய, ஓடல்ல. இன்னா நிக்கியதே. பின்ன நான் என்னத்துக்கு இறங்கணும்?"

"எல்லா வண்டியிலயும் ஆளை இறக்குதோம். ஒரு வண்டிக்கு மட்டும் வேற நியாயம் பறையப் பிடாது" என்றார் தையல்கடைக்காரர்.

"மக்கா, இதுக்கு உபதேசியார் வந்து ஜெபிச்சாரு. நீ நின்னு ஆமென் சொன்னே. பழம் தின்னே. ஜெபிச்ச வீட்டில இருந்து பொம்பளையை இறக்குவியா? இறக்குவேன்னு வாய் திறந்து சொல்லு, கேக்கட்டு."

தையல்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவரும் பழம் சாப்பிட்டவர். கல் வைத்திருந்தவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியிலிருந்து கால் இறங்கவில்லை. மூன்று வீடுகளிலும் வீட்டுக்காரர் வாய் திறக்கும் முன்பே சாமான் கட்டத் தொடங்கியவள் அவள்.

கூட்டத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் அடுத்த வண்டியைத் தடுக்க முடியாது. கடைசியில் பின்னாலிருந்து யாரோ, "காத்தை எடுத்து விடுங்கலே, அவிய இருக்கட்டும்" என்றார்கள். அப்படியே செய்தார்கள். நான்கு பேர் நான்கு பக்கமும் உட்கார்ந்து வால்வைக் கழற்றினார்கள். ஸ் என்ற சத்தத்தில் வண்டி மெதுவாகத் தாழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பாத்திரம் உருண்டது. "கறி சிந்திடாமப் பாத்துக்கிடுங்க அக்கா" என்று ஒருவன் உண்மையான கவலையோடு சொன்னான். கழற்றிய வால்வு ஊசிகளை யாரோ பக்கத்து மரச்சீனிக் கிழங்கு விளையில், செடிகளுக்குள் எறிந்துவிட்டார்கள்.

சாயங்காலம் தையல்கடைக்காரர் இன்னும் இரண்டு பேரோடு வால்வு ஊசிகளை விளையில் தேடி எடுத்து, ஒரு சைக்கிள் பம்பும் கொண்டுவந்தார். பஸ் டயருக்குச் சைக்கிள் பம்ப். மாறி மாறி அடித்தும் டயர் எழவில்லை. மூன்று பேரும் வியர்த்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அத்தான் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, பாரத்தில் மடிந்து டியூபுகள் எல்லாம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தன. அந்த அளவு டியூப் அங்கே எங்கும் இல்லை. பழைய முதலாளி பறையாமல் விட்டது அதைத்தான்.

அன்றைய செய்தியிலும் கடைசி வரி அதுவே. பஸ்கள் ஓடவில்லை.

வண்டியை ரோட்டோரத்துக்குத் தள்ளி நிறுத்திய இடம் சர்க்கார் புறம்போக்கு. கொஞ்ச நாளில் மராமத்து ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இது எந்தா, வீடாணோ வண்டியாணோ?"

வீடென்றால் இடிக்க வேண்டும், வண்டியென்றால் எடுக்க வேண்டும். வண்டிக்கு அடியிலிருந்து அத்தானின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "வண்டியாணு சாரே. பணி நடக்குன்னு" என்று அடியிலிருந்து சொன்னார். ஓவர்சியர் கான்வாஸுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று போய்விட்டார். அடுத்த மாதமும் வந்தார். அடுத்த மாதமும் அத்தானின் கால்கள் தெரிந்தன. வேலைக்கு அத்தான் மறுபடி சைக்கிளில்தான் போய்வந்தார். கோட்டுகால் போனால் மறுபடி துணிக்கட்டுகளுக்கு நடுவேதான் படுக்கை. ஓவர்சியர் வரும் நாளில் மட்டும் வேலைக்குப் போவதில்லை. அதுவும் ஒரு வேலையாகிவிட்டது, கூலியில்லாதது. அத்தான் குறை சொல்லவில்லை. மார்த்தாண்டத்தில் அந்த ஆம்புலன்ஸ் இன்னும் நிற்கிறதா என்று ஒரு தடவை மட்டும் என்னிடம் கேட்டார்.

ராஜ்யங்கள் பிரிந்தபோது எல்லை களியக்காவிளைப் பக்கம் வந்து நின்றுவிட்டது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில். ஊர்வலத்தில் முன்னால் போன அந்த வீட்டுக்காரர் வீட்டை விற்றுச் சென்னை ராஜ்யப் பக்கம் போனார் என்று கேள்விப்பட்டேன். தையல்கடைக்காரர் கடைப் பலகையை மலையாளத்தில் மாற்றி எழுதினார். நான் நாகர்கோவிலில் ஆபீஸுக்குள் உட்கார்ந்து செய்தி திருத்தும் வேலைக்குப் போனேன். நான் இத்தனை வருஷம் எழுதிய ஊர்கள் எங்கள் பத்திரிகைக்கு ஒரே நாளில் வெளியூர் ஆகிவிட்டன.

நாகர்கோவிலில் பழைய பட்டாளச் சாமான் விற்கும் ஒருவரிடம் அந்த அளவு டியூபுகள் கிடைத்தன. நல்ல டியூபுகள், டால்கம் பூசிச் சுருட்டியவை. சாக்கில் கட்டி பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு போனேன். எல்லையில் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். பார்த்தார்கள், கட்டச் சொன்னார்கள்.

வண்டி அதே சாய்வில் நின்றது. உள்ளே அத்தான் மேஜைக்கு அடியில் மட்டம் பார்த்துப் பலகை வைத்திருந்தார். அக்கா சாய்வுக்குப் பழகி, சாய்ந்த தரையில் நேராக நடந்தாள். அத்தான் டியூபை விரித்து விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு கண்டேன்.

"ரெண்டு நாள் வேலை. பிறகு எங்க வேணுமோ போலாம்" என்றார்.

அக்கா டியூபுகளைச் சாக்கிலேயே மறுபடி சுருட்டினாள். கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

"இருக்கட்டும். ஆரெங்கிலும் இறங்குன்னு சொல்லட்டு. சொன்னா அன்னைக்கு மாட்டுவோம்."

"ஆரும் சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நல்லதுதானே."

அத்தான் குனிந்து கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை பார்த்தார். அக்கா சோறு வைத்தாள். சாய்ந்த தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது குழம்பு தட்டின் ஒரு பக்கமாகவே போனது. பாதியில் வெளியே சைக்கிள் மணி கேட்டது. ஓவர்சியர். அத்தான் கையைக் கழுவினார், ஸ்பேனரை எடுத்தார், ஒரு சாக்கைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் போனார். அக்கா அவருடைய தட்டை மூடி வைத்தாள்.